மூன்று தலைகள்

கேமராவுக்குள் நான்கு தலைகள் தெரிந்தன. கைசா கண்ணை விலக்கி, வெறும் கண்ணால் எண்ணினாள். மூன்று.

லென்ஸில் தண்ணீர்த் துளி ஒட்டியிருக்கும். சனியன், இந்தக் குளிரில் துடைக்கத் துடைக்க உறைகிறது. டிசம்பரில்தான் வடகிழக்குக் காற்று சுப்பீரியர் ஏரியைக் கிளப்பிவிடும். டிசம்பரில்தான் இந்தப் பைத்தியங்களும் அலைச்சறுக்குப் பலகையோடு இறங்கும். மாலை நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்து, அலை பாறையில் மோதித் தெறிக்கும் ஒவ்வொரு முறையும் கேமரா முக்காலியின் காலில் பனி ஒரு சுற்று கூடிக்கொண்டிருந்தது. மாற்று பேட்டரியை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு நின்றாள். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

இறங்குமுன் ஹால்வர் மீசையைத் தடவியபடி, "என் அழகான பக்கமா பாத்து எடு தாயே" என்றான்.

"அப்படி ஒண்ணு இருந்தா சொல்லு, எடுக்கறேன்."

அவனோடு இறங்கவிருந்த மார்னி சிரித்தாள். தம்பி ரைனோ மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு இது முதல் குளிர்காலம். வரமாட்டேன் என்றவனை, "ஒரே ஒரு நல்ல படம்டா" என்று கெஞ்சி இழுத்து வந்தவள் கைசாதான்.

"அக்கா, கண்ண எடுக்காம பாத்துக்கோ."

"போடா, நான் எங்க போகப்போறேன்."

கரையில் கேமராவோடு நிற்பவர்தான் தலை எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாகாமல் வண்டி கிளம்பாது. உப்பில்லாத தண்ணீர், ஆளை அவ்வளவாகத் தாங்காது. இந்தக் குளிரில் மூழ்கியவர்களின் உடல்கூட மேலே மிதந்து வருவதில்லை.

மறுபடி கேமராவில் பார்த்தாள். எல்லோரும் தலையை மூடிய கறுப்பு ரப்பர் உடுப்பில். ரைனோவை அவனது மஞ்சள் பலகையை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது. மூவர் ஏரியைப் பார்த்து அலைக்குக் காத்திருந்தார்கள். நான்காவது ஆள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பலகை இல்லாமல்.

ஓடிப்போய் வேனின் ஹாரனை விடாமல் அழுத்தினாள். வெளியே வாங்க. போதும். வந்து தொலைங்க.

அவள் திரும்பி வந்தபோது பாறைமேல் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. அப்பாடா! கை பழக்கத்தில் ஒரு படம் எடுத்தது.

மூன்றாவது ஆளின் முகம் முழுக்கப் பனி மூடியிருந்தது.

"பலகை எங்கடா?"

அவன் வேனைப் பார்த்து நடந்தான்.

"பலகைய கட்டின கால் கயிறு அறுந்திருக்கும், விடு" என்றான் ஹால்வர். "பய நடுங்கிட்டிருக்கான், வண்டில ஏத்து."

வேனுக்குள் ஹீட்டர் இரைந்தது. மார்னி ஓட்டினாள். பக்கத்தில் ஹால்வரின் மீசையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. பின்னிருக்கையில் கைசாவை ஒட்டி உட்கார்ந்தவனின் முகத்தில் ஒரு துளிகூட உருகவில்லை. பாசியும் இரும்பும் கலந்த வாடை அடித்தது.

அந்தப் பக்கம் பார்க்கப் பயந்து, கேமராவில் கடைசிப் படத்தைத் திறந்தாள். பாறைமேல் மூன்று பேர். அவர்களுக்குப் பின்னால், வெகுதூரத்தில், மஞ்சளாய் ஏதோ. பெரிதாக்கினாள்.

பலகை. அதன்மேல் ரைனோ. கையைத் தூக்கி. வாயைத் திறந்து.

"மூணு பேரும் ஏறியாச்சுல்ல, கைசா?" மார்னி முன்னாலிருந்து கேட்டாள்.

கைசா படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏறியாச்சு. மூன்று பேர். எண்ணிக்கை சரி.

பக்கத்திலிருந்தவன் அவள் பக்கம் திரும்பினான். முகத்துப் பனி விரிசல் விட்டு மடியில் விழுந்தது. உள்ளே முகம் இல்லை. கறுப்புத் தண்ணீர் நின்றது, சிந்தாமல், அலையடித்துக்கொண்டு. அதன் ஆழத்தில், கடுகளவில், ஒரு மஞ்சள் பலகை. அதன்மேல் ஒரு கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.