வெர்டெல் ஓட்டிய பஸ்

அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் கறுப்பின மக்கள் யாரும் ஒரு வருடமாக பஸ் ஏறவில்லை. வெள்ளைக்காரர் ஏறினால் எழுந்து இடம் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, வேலைக்கும் கடைக்கும் நடந்தே போனார்கள். இப்போது அந்தச் சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. திங்கட்கிழமை காலை எல்லோரும் பஸ் ஏறப் போகிறார்கள்.

ஜெயித்துவிட்டார்கள்தான். ஆனால் துள்ளிக் குதிக்க யாருக்கும் தெம்பில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தேவாலயத்தில் ஒத்திகை. சிறுமி வெர்டெலின் அப்பா போதகர் டாலிவர், நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு பஸ் ஆக்கினார். யார் திட்டினாலும் தள்ளினாலும் திருப்பி அடிக்கக் கூடாது. அதைப் பழகத்தான் இந்த ஏற்பாடு.

சலவை வேலை செய்யும் ஆர்லீனா அக்கா உட்கார்ந்ததும் காலணியைக் கழற்றினார்.

"பஸ்ஸிலயும் இப்படிக் கழட்டுவீங்களா அக்கா?" என்று வெர்டெல் கேட்டாள்.

"கழட்டுவேன். இந்த நாத்தத்துக்கு எவனும் பக்கத்துல வந்து சண்டை போட மாட்டான்!"

முரட்டு ஓட்டுநர் வேடம் சபை மூப்பர் பர்விஸுக்கு. ஆர்லீனாவை அவர் நன்றாகவே அதட்டினார். அந்த அக்கா அசையவில்லை. அடுத்து போதகரின் முறை. பர்விஸின் குரல் இறங்கிவிட்டது.

"பாஸ்டர்... மன்னிச்சுக்கங்க... தயவுசெஞ்சு கொஞ்சம் எழுந்திருக்கீங்களா?"

"என்ன மூப்பரே, பஸ் ஓட்டறீங்களா, விருந்துக்குக் கூப்பிடறீங்களா?" என்றார் ஆர்லீனா. எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் இவர். இவரைத் திட்ட எனக்கு நாக்கு எழுமா?"

வேறு யாரும் முன்வரவில்லை.

"விடுங்க. எனக்கு ஒத்திகை வேண்டாம்" என்று அப்பா கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

வேண்டும் என்று வெர்டெலுக்குத் தெரியும். மிரட்டல் கடிதங்கள் வரத் தொடங்கியதிலிருந்து அப்பா சரியாகத் தூங்கவில்லை. நேற்று பால் கொட்டியதற்கு மேசையை ஓங்கி அடித்தார். பிறகு அவரே மன்னிப்பும் கேட்டார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில், முதல் இருக்கையில் அவர்தான் உட்கார வேண்டும். அங்கே ஒரு தடவை கை ஓங்கிவிட்டால், சிறைக்குப் போவார். எல்லோரும் நடந்த நடையும் வீணாகும்.

"நான் ஓட்டறேன்பா" என்றாள்.

பர்விஸின் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அது காது வரை இறங்கியது. மறுபடியும் சிரிப்பு.

எந்தச் சொல் அப்பாவைச் சுடும் என்று அவளுக்குத் தெரியும். நாற்பது வயது அப்பாவை வெள்ளைக்காரக் கடைக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்போதெல்லாம் அவள் கையை அப்பா இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

"டேய் பையா! எழுந்திருடா!"

சிரிப்பு நின்றது. அப்பா விருட்டென்று எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

"யாரைப் பார்த்து..."

வெர்டெல் பயந்துவிட்டாள். ஆனாலும் அவள் நகரவில்லை.

"திங்கட்கிழமையும் இப்படித்தான் எழுந்திருப்பீங்களாப்பா?"

இறுக மூடியிருந்த தன் கையை அப்பா யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"எனக்குச் சொல்லப் பிடிக்கலப்பா."

"தெரியும் கண்ணு. வேற யாருக்கும் இங்க தைரியம் இல்லையே."

சொன்னாள். அப்பாவின் தாடை இறுகியது. மறுபடி சொன்னாள். ஐந்தாம் தடவை அவர் கைகள் முழங்கால்மேல் விரிந்தன. ஒன்பதாம் தடவை அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்பா அவளை நிமிர்ந்து பார்த்து அமைதியாகச் சொன்னார்:

"காலை வணக்கம், ஐயா."

வெர்டெல் தொப்பியோடு அவர் மடியில் சாய்ந்தாள்.

"ஓட்டுநருக்குக் களைப்பாயிடுச்சு. பஸ்ஸை ஓரமா நிறுத்துங்கப்பா" என்றார் பர்விஸ்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் வெர்டெல் ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"திட்டினாங்களாப்பா?"

"ம். ஓட்டுநர் அதே வார்த்தையைத்தான் சொன்னார்."

"நீங்க?"

"காலை வணக்கம் சொல்லிட்டு ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கண்ணு. உன் அதட்டல்ல பாதிகூட அவருக்கு வரல."

"நிஜமாவா?"

அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். அடுப்படியில் அவருக்கென்று வைத்த அவரைக்காய் சூப் ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று வெர்டெல் விட்டுவிட்டாள்.