கைக்கு ஊசி போடுகிற ஆள்

மழைக்கு ஒதுங்குகிறவர்கள் ஓரமாக நிற்பார்கள். இவளோ நேராக மருந்துக்கடைக்குள் வந்து, கவுண்டரில் ஒரு பெட்டியை டப்பென்று வைத்தாள்.

"இது போலியா, நிஜமா? பாத்துச் சொல்லுங்க."

மருந்தாளுநன் நிமிர்ந்தான். முதலில் தெரிந்தவை கண்கள்தான்... இமை நுனியில் மழைத்துளி, உள்ளே நெருப்பு. கழுத்தில் ஒரு விசில். நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் என்று பிறகுதான் தெரிந்தது.

"எங்க கடையில வாங்கினது இல்லையே இது?"

"இல்லதான். இங்க வெளிச்சமா இருந்துச்சு, வந்தேன்."

பெட்டியைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கான ஊசி. நரம்பின் மேலுறையை உடம்பே தாக்கும் நோய். வாரம் மூன்று முறை தானே குத்திக்கொள்ள வேண்டும்.

"போலி இல்லீங்க. ஜெனரிக். உள்ள இருக்கிற மருந்து அதேதான், கம்பெனிதான் வேற."

"அப்ப ஏன் என்னோட ஊசி போடுற கருவிக்குள்ள நுழைய மாட்டேங்குது?"

"அந்தக் கருவி பழைய கம்பெனி ஊசிக்குன்னே செஞ்சது. அதை விட்டுடுங்க. கையாலேயே போட்டுக்கலாம், காட்டுறேன்."

நெருப்பு அணைந்து அசடு வழிந்தது... அதுவும் அழகாகத்தான் வழிந்தது.

காலி சிரிஞ்சையும் பஞ்சுச் சுருளையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தான். "ஒரே இடத்துல குத்தாதீங்க, தோல் கட்டிக்கும். தொடை, வயிறு, இடுப்பு, மேல்கையோட பின்பக்கம்னு மாத்தி மாத்திப் போடணும். கைக்குப் பின்னாடி உங்களுக்கு எட்டாதே... யார் போடுவாங்க?"

அவள் முகம் சட்டென்று மாறியது. "அதுக்கு ஒரு ஆள் இருக்காரு."

வெளியே மழை நின்றது. இங்கே இவனுக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

அதன்பிறகு அவள் ஊசி வாங்க இங்கேயே வந்தாள். இவனும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அவரு... நல்லாப் போடுறாரா?"

"வலிக்கவே வலிக்காது!"

பாவி, வலிக்காமல் வேறு போடுகிறானா! உயரமாகத்தான் இருப்பான். அகன்ற தோள் இருக்கும். அவள் சட்டைக் கையை மெல்ல மடித்துவிட்டு... சே!

"தம்பி, இருமல் மருந்து கேட்டவரை ஏன்டா அப்படி முறைச்சே?" என்றாள் கல்லாவில் இருந்த அக்கா.

"ரொம்ப உயரமா இருந்தாருக்கா."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

மறுபடி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, அவள் அதே கோபத்தோடு வந்தாள்.

"எல்லாம் அந்த ஜெனரிக்கால வந்த வினை! தொடை ரெண்டும் கட்டி கட்டியா இருக்கு. நான் ஊசியையே நிறுத்தப் போறேன்."

அவனுக்குத் திக்கென்றது. "ஐயோ, டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க! நோய் மறுபடி கிளம்பிடும். ஆமா... தொடையில மட்டுமா போடுறீங்க?"

"வயித்துல, இடுப்புல குத்திக்க பயமா இருக்கு."

"கைக்குப் போடுற அந்த மகராசன் என்ன பண்றாராம்?"

அவள் தலை குனிந்தது. விரல்கள் விசிலைத் திருகின.

"அப்படி ஒரு ஆளே இல்ல..."

"என்னது?"

"பழைய கருவி இருந்தப்ப கைக்கு நானே எட்டிப் போட்டுப்பேன். இப்ப முடியல. தனியா இருக்கேன்னு சொன்னா பாவமாப் பாப்பீங்க... எல்லார் கண்ணுலயும் அதைப் பாத்து அலுத்துப்போச்சு. உங்க கண்ணுல அது வேண்டாம்னு தோணுச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "இல்லாத ஒருத்தனையா நான் இத்தனை நாளா மனசுக்குள்ள வெட்டிப் போட்டுட்டு இருந்தேன்!"

"நீங்க ஏன் வெட்டணும்?"

"பொறாமைம்மா," என்றாள் அக்கா. "கடை முழுக்கப் புகைஞ்சு எனக்குத்தான் மூச்சு முட்டுது."

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியது.

"நாளைக்கு எனக்கு நடக்க முடியாமப் போகலாம். பார்வை மங்கலாம். தெரியும்ல?"

"தெரியும். போகாமலும் இருக்கலாம், அதுவும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன்... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"பாவம் பாத்துச் சொல்றீங்க."

"பாவம் பாத்து யாராவது பொறாமைப்படுவாங்களா?"

அவள் அவன் கண்களை விடாமல் பார்த்தாள். எவ்வளவு தேடியும் பாவம் அகப்படவில்லை. தூங்காமல் சிவந்த கண்கள்... அவளுக்காகவே சிவந்தவை.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு..." என்றாள்.