என்ன சல்லியம், டின்டு?

மாட்டுப்பட்டிக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலை எஸ்டேட்டில் எல்லாத் தொல்லைக்கும் ஒரே பெயர்தான்: சல்லியம். காலில் ஏறும் அட்டை சல்லியம். வாழையைத் தின்ன வரும் யானை சல்லியம். விடாமல் பெய்யும் மழையும் சல்லியம். மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல் அது. அங்கே அதைச் சொல்லாத வாயே கிடையாது.

அதனால்தான், "பாண்டி மாமா சல்லியம் பண்ணுதாரும்மா" என்று டின்டு சொன்னபோது அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா புஷ்பமேரி அப்போதுதான் கொழுந்து வெட்டிவிட்டு வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாருக்குந்தான் சல்லியம். எனக்கு இடுப்பு சல்லியம். சாப்பிட்டுப் படுல" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிட்டது.

பாண்டி ஜீப் ஓட்டுபவர். எஸ்டேட்டின் சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போய், ஏற்றி வருவார். அவர் சட்டைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாக வண்டியை எடுப்பார். லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய எஸ்டேட் வீடுகளில், அவரைப் பிடிக்காதவர்கள் இல்லை.

டின்டுவின் அக்கா ஜோமோள் ஆறாம் வகுப்பு. பெரிய பள்ளிக்குப் போவதால் இப்போது அவளுக்கு பஸ். மாலையில் வந்ததும் தண்ணீர் பிடிக்க வேண்டும், அரிசி களைய வேண்டும், தம்பியின் யூனிபார்மைத் துவைக்க வேண்டும். அப்பா பவுல்ராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அவர் மாதம் ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். ஆக, வீட்டில் எல்லோருமே களைத்துப்போனவர்கள்தான்.

மறுநாள் காலை டின்டுவுக்கு வயிற்றுவலி வந்தது. அதற்கு மறுநாள் செருப்பைக் காணவில்லை. ஜோமோள் தேடித் தேடி, கடைசியில் விறகுக்கு நடுவே இருந்து எடுத்தாள்.

"ஏல, செருப்பு தானா நடந்து விறகுக்குள்ள போச்சா?" என்று கேட்டாள். நன்றாக நாலு திட்டு திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

டின்டு சிரிக்கவில்லை. வழக்கமாக இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பவன் அவன். அவனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். ஜோமோளுக்குத் திட்ட மனம் வரவில்லை. அவன் பக்கத்தில், விறகின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பாண்டி மாமா சல்லியம் பண்ணுதாருன்னு சொன்னல்லா. என்ன சல்லியம்?"

"சல்லியம்னா சல்லியந்தான்."

"மழை மாதிரியா? யானை மாதிரியா?"

டின்டு ஒரு சுள்ளியை எடுத்து ஒடித்தான். "அட்டை மாதிரி. தள்ளிவிட்டாலும் திரும்பத் திரும்ப வரும்."

"எது வரும்?"

"கை."

ஜோமோளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனாலும் அவள் கத்தவில்லை. கத்தினால் டின்டு வாயை மூடிக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

டின்டு கீழே பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான். மற்றப் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்ட பிறகு, பாண்டி மாமா அவனை மட்டும் இறங்கவிடாமல் முன்சீட்டுக்குக் கூப்பிடுவார். தொடக்கூடாத இடத்தில் தொடுவார். வேண்டாம் என்றால் சிரிப்பார். வெளியே சொன்னால், அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது ஜீப் வராது என்றும் சொல்லியிருந்தார்.

"நான் மிட்டாய் வாங்கித் தின்னுட்டேன்க்கா. அதான் தப்பு" என்றான்.

"மிட்டாய் தின்னது தப்பே இல்ல. நீ ஒரு தப்பும் செய்யல. தப்பு பூரா அவருதுதான்" என்றாள் ஜோமோள். "நீ சொன்னியே, அது ரொம்ப நல்லது."

அன்று அவன் ஜீப்பில் போகவில்லை. ஜோமோளும் பஸ்ஸில் போகவில்லை.

மாலையில் அம்மா வந்ததும் ஜோமோள் வெந்நீரை அவள் முன்னால் வைத்தாள். இந்த முறை சல்லியம் என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை. நடந்தது என்னவோ அதை அப்படியே, நேராகச் சொன்னாள்.

"பாண்டியா?" என்றாள் அம்மா. "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மனுசன்லா."

"ஆமாம்மா. அவருதான்."

அம்மா டின்டுவைப் பார்த்தாள். அவன் ஜோமோளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நின்றான். சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை.

"அன்னைக்கே சொன்னான்" என்றாள் அம்மா. "நாந்தான் கேக்கல." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளிய தெரிஞ்சா லயமே பேசும். நாளையிலருந்து இவன் அந்த ஜீப்ல போக வேண்டாம். அதோட விடு" என்றாள்.

"இவன் போகலன்னா, முன்சீட்டுல நாளைக்கு வினோவைக் கூப்பிடுவாரும்மா."

வினோ பக்கத்து வீட்டுப் பிள்ளை. இரண்டாம் வகுப்பு.

அம்மா வெந்நீரிலிருந்து காலை எடுத்தாள். தண்ணீர் பாதிகூட ஆறவில்லை. "போனை எடு" என்றாள்.

பள்ளிச் சுவரில் 1098 என்று பெரிதாக எழுதியிருக்கும். குழந்தைகளுக்கு உதவும் எண். ஜோமோள் அதைத்தான் அழுத்தினாள். ஒரு பெண் மலையாளத்தில் பேசினார். அம்மாவுக்குப் பயத்தில் மலையாளம் மறந்துவிட்டது. ஜோமோள் போனை வாங்கினாள். அவளுக்கும் வார்த்தை வரவில்லை. அந்தப் பழைய சொல்தான் வந்தது.

"என்டெ அனியனெ ஒராள் சல்லியம் செய்யுந்நு." என் தம்பியை ஒருவர் சல்லியம் செய்கிறார்.

அந்தப் பக்கம், எல்லாருக்குந்தான் சல்லியம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்தது. "மோளே, பேடிக்கண்டா. பதுக்கெ பற" என்றார். பயப்படாதே மகளே, மெதுவாகச் சொல் என்று அர்த்தம். ஜோமோள் சொன்னாள். அவர் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.

அம்மா அன்றே வினோவின் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள்; அவள் வழியாக மற்றத் தாய்மார்களுக்கும் தெரிந்தது. மறுநாள் காலை ஜீப் வந்து ஹாரன் அடித்தபோது ஒரு பிள்ளைகூட ஏறவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வண்டி வந்து பாண்டியைக் கூட்டிக்கொண்டு போனது. யூனிபார்ம் போடாத ஒரு பெண் போலீஸ் வீட்டுக்குள் வந்து, தரையில் உட்கார்ந்து, டின்டு சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

அதன் பிறகு எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். "நல்ல மனுசனப் போயி" என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஜீப் இல்லாததால் பிள்ளைகள் நடந்தே போக வேண்டியிருந்தது. தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு கூடப் போனார்கள். கேள்விகள் கேட்க அதிகாரிகள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் முன்பைவிடக் கால்வலி. ஆனால் டின்டுவுக்கு வயிற்றுவலி மட்டும் வரவில்லை.

ஒருநாள் அம்மா அவனிடம் சொன்னாள்: "இனி எதுன்னாலும் சொல்லு. நான் தூங்கினா எழுப்பிச் சொல்லு."

"எழுந்திரிக்கலன்னா?"

"எழுந்திரிப்பேன்."



ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலுக்குப் போய்வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டின்டு போய் அவள் தோளைத் தொட்டான்.

அம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி முகத்தில் விழுந்திருந்தது. "என்னய்யா? சொல்லு. என்ன?"

"ஒண்ணுமில்லம்மா" என்றான் டின்டு. "எழுந்திரிக்கியான்னு பாத்தேன்."

ஜோமோளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா திட்டப் போகிறாள் என்று பார்த்தாள். அம்மா திட்டவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"சரி, போய் வெளையாடு" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி படுத்துக்கொண்டாள். டின்டு வெளியே ஓடினான்.