குவளைக்கு அடியில்

மேஜைமேல் மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு ஈய வீரன் மட்டும் திரும்பி நின்றான். பாரசீகப் படை எதிரே இருக்க, அவன் முகம் லெஸ் கார்விக்கைப் பார்த்து இருந்தது.

லெஸ் அவனை விரலால் திருப்பிப் பார்த்தான். அசையவில்லை. அசையவும் கூடாது, நாலு நாலு பேராகப் பலகைத் துண்டில் பசை வைத்து ஒட்டியது அவன்தான். கிடங்கில் மூட்டை தூக்கி வலது தோள் செயலிழந்த வருஷம், கை நடுங்க நடுங்க ஒவ்வொரு கிரேக்கனுக்கும் கண் எழுதியவன். ஒருத்தனையும் பின்பக்கம் பார்த்து ஒட்டியதில்லை.

ஞாயிறு மாலை நாலு மணி, பொம்மைப் படை ஆட்டம். டார்பி நகரில் ஜனவரி மழை. தேவாலயக் கூடத்துக்குள் ஈரக் கோட்டு நாற்றமும், கொதித்துக் கொதித்துக் கசந்துபோன தேநீர் வாசனையும் கலந்து நிற்க, சுவரோரச் சூட்டுக் குழாய் யாரோ நகத்தால் தட்டுவதுபோல் டிக், டிக் என்றது.

"என்ன லெஸ், உன் ஆளே உன்ன முறைக்கிறானா?" எதிர்ப்பக்கம் பாரசீக வில்லாளிகளை நகர்த்திக்கொண்டிருந்த க்வென் சிரித்தாள். "தீனி போட்டியா இல்லையா?"

"நெவ், உன் வேலையாடா இது?"

வலப்பக்கம் நின்ற நெவ் மேஜையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருபது வருஷமாக லெஸ்ஸின் கூட்டாளி. அவனுடைய படை, தீபஸ் என்ற கிரேக்க நகரத்துப் படை, எப்போதும் லெஸ்ஸின் வலப்பக்கம்தான். கிரேக்க வரிசையில் ஒருவன் கேடயம் பாதி அவனுக்கு, பாதி இடப்பக்கத்தானுக்கு. வலப்பக்கத்தான் விலகினால் உயிர் போச்சு. தோள் போனபிறகு தெருவில்கூட நெவ் அவனுக்கு வலப்பக்கமாகத்தான் நடப்பான். கனத்த பெட்டிகளை அவனே தூக்குவான்.

ஆட்டத்துக்கு முன் கூட்டாளி ஒரு பகடை உருட்டிக் குவளையால் மூடவேண்டும். ஒன்று விழுந்தால் அவன் படை நகராது, வேடிக்கை பார்க்கும். காட்ட வேண்டிய கட்டாயமில்லை; ஆனாலும் நெவ் உடனே குவளையைத் தூக்கிக் காட்டிவிடுவான். இன்று அவன் கை குவளைமேல் வைத்தது வைத்தபடியே இருந்தது.

"உன் படைய நகத்துடா. என் வலப்பக்கம் தொறந்து கெடக்கு."

"பொறு."

அரிசி சிதறுவதுபோல் ஓர் ஓசை. பகடைகள் இன்னும் க்வென்னின் உள்ளங்கையில்தான் இருந்தன. லெஸ்ஸின் வலது காதை ஒட்டி அம்புபோல் ஏதோ சீறிப் போனது.

மேஜையைப் பார்த்தான். எட்டுப் பேர் திரும்பியிருந்தார்கள்.

கண் சிமிட்டினான். வரிசை முழுக்கத் திரும்பியிருந்தது.

புதுப் பசையின் நாற்றம். காரமாக. கீழேயிருந்து.

பின்னால் நகரப் பார்த்தான். கால் வரவில்லை. காலணியைச் சுற்றித் தரையில் பசை ஈரமாக மினுங்கியது.

"நெவ். கையக் குடுடா. இந்தப் பக்கம் வா."

நெவ் குவளையைத் தூக்கினான். "ஒன்னுடா, லெஸ்," என்றான், மெதுவாக. "ஆரம்பத்துலயே விழுந்துருச்சு."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ நின்னுருக்க மாட்டியே."

க்வென் தலை நிமிரவில்லை. "என் முறை."

காலிக் குவளையை மார்போடு அணைத்துக்கொண்டு நெவ் இரண்டடி விலகி நின்றான். மேஜையில் கிரேக்கர்கள் எல்லோரும் அவரவர் கேடயத்தை அவரவருக்கே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கேடயங்களுக்கு மேல் லெஸ் எழுதிய கண்கள். இமைக்காமல்.

லெஸ்ஸின் வலது கை எழவில்லை. வலப்பக்கம் யாருமில்லை. அங்கிருந்து, அரிசி சிதறும் ஓசை மறுபடி கிளம்பியது. இந்த முறை நிற்கவில்லை.