பாதியில் நின்ற ஒட்டு

பானெட்டின் மேல் கயிறு போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் கேனிலிருந்து குழாய் வழியாகப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே அந்தப் பழைய லேண்ட்மாஸ்டர் கார் பாப்பாரப்பட்டிக்கு வந்து சேர்ந்தது. டேங்கில் ஓட்டை. பின் சீட்டுக்கடியில் தரை துருவேறிப் பொரிந்து, மிதித்தால் ரோடு தெரிந்தது.

தருமபுரியில் அன்வர் பாஷா ஏறி இறங்காத பட்டறை இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கதைதான். வெல்டர் காருக்கடியில் தலையை நீட்டுவார். பின்பக்கத் தரையில் ஓர் இடத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

"வேற ஆளைப் பாருங்க பாய்."

காரணம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அவன் தங்கை ஷகிலாவுக்கு நிக்காஹ். 'என் பொண்ணு என் காரில்தான் புருசன் வூட்டுக்குப் போவா' என்று அத்தா அவளைத் தோளில் தூக்கித் திரிந்த காலத்திலேயே சொல்லி வைத்திருந்தார். அப்புறம் ஏனோ காரைத் தார்ப்பாய் போட்டு மூடியவர், மவுத்தாகும் வரை அதில் ஏறவே இல்லை. இப்போது ஷகிலா நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. அந்தக் காரை மட்டும் கேட்டாள்.

சந்தைப்பேட்டைக்கு அப்பால், சோளக்காட்டு ஓரத்தில் தனியாக நின்றது சவுரியப்பனின் தகரக் கொட்டகை. வெளியே வந்த சவுரியப்பன் கேனைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்க பாய், வண்டிக்குக் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு வர்றீங்க?"

சிரித்துக்கொண்டே காருக்கடியில் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

"பக்ருதீன் பாய் வண்டியா?"

"எங்க அத்தாதாங்க."

"இது மாயவன் கை. என் கூட்டாளி. ஒருத்தன் வெக்கிற வெல்டிங் ஒட்டு மாதிரி இன்னொருத்தனுக்கு வராதுங்க. தரையில பாதி தூரம் வந்து நிக்குது பாருங்க. அதுக்கு மேல அவன் இல்ல."

அன்வர் குனிந்து பார்த்தான். மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒட்டு, டேங்கின் ஓரத்தில் வந்து சட்டென்று அறுந்திருந்தது.

"பெட்ரோலை வடிச்சா மட்டும் போதாதுங்க. காலி டேங்குக்குள்ளதான் கேஸ் நிக்கும். ஒரு பொறி போதும். கழுவி, தண்ணி ரொப்பி வெச்சுத்தான் நெருப்பைக் காட்டணும். டேங்கு கழுவியாச்சான்னு மாயவன் கேட்டான். உங்க அத்தா ஆச்சுன்னாராம். நெருப்பைக் காட்டினதும் வெடிச்சிருச்சு. டேங்கையும் டிக்கியையும் அப்புறம் மாத்திட்டாரு. அந்த ஒட்டை மட்டும் எவனும் தொடல. நானும் அன்னிக்கோட கேஸ் வெல்டிங்கை வுட்டுட்டேன். இப்ப கரண்டு வெல்டிங்தான்."

அத்தா போட்ட தார்ப்பாய் அன்வரின் கண்முன் வந்து நின்றது.

"பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்டுதுங்கிறீங்க. நானே முடிச்சுத் தர்றேன்," என்றார் சவுரியப்பன். "டேங்கு கழுவியாச்சுங்களா?"

வீட்டில் பெட்ரோலை வடித்ததோடு சரி. இல்லை என்று சொன்னால் கழுவி, ரொப்பி, வேலை முடித்து, மறுபடி காயவைத்து... நிக்காஹுக்குள் கார் வீடு சேருமா? எதிரே நிற்கும் மனிதரின் கண்களைப் பார்க்காமல் அன்வர் சொன்னான்.

"ஆச்சுங்க."

கரண்டு போயிருந்தது. சாயங்காலம்தான் வருமாம். சவுரியப்பன் சாக்குகளை நனைத்துவரக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த கிணற்றுக்குப் போனார். அன்வர் முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். சோளத்தட்டைகள் உரசும் சத்தம். வெயில் மெல்ல வெளுத்து, சாம்பல் நிறமாகியது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. அழுகிய பூண்டின் வாடை. கார்பைடு கல் தண்ணீரில் கொதிக்கும்போது வருவது. கேஸ் வெல்டிங் பட்டறைகளில் மட்டுமே வருவது.

இங்கேதான் கேஸ் இல்லையே?

பின் சீட்டுக்கடியில் கரக், கரக் என்று யாரோ துருவைச் சுரண்டினார்கள். சவுரியப்பன் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"டேங்கு கழுவியாச்சா பாய்?"

புகையில் காய்ந்த குரல்.

"அதான் சொன்னனே அண்ணே. ஆச்சு."

சுரண்டல் நின்றது. பூண்டு வாடை நெஞ்சை அடைத்தது.

"நெசமாவா பாய்?"

குரல் இப்போது இன்னும் அருகில், அவன் குதிகாலுக்குக் கீழே இருந்து வந்தது.

"யாருகிட்டப் பேசறீங்க?"

இது வேறு குரல். வெளியிலிருந்து.

கொட்டகை வாசலில் சவுரியப்பன் நின்றிருந்தார். கையில் ஈரச் சாக்குகள் சொட்டிக்கொண்டிருந்தன.

அன்வர் மெதுவாகக் கதவைத் திறந்து, குனிந்து பின்பக்கம் பார்த்தான். காரின் பின்புறம், பம்பருக்கடியில், மண்ணில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கரிந்த பாதங்கள்.

பெருவிரல் அசைந்தது.

"கழுவல!" என்று அலறினான் அன்வர். "கழுவலங்க! பொய் சொல்லிட்டேன்!"

கொட்டகையில் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது. கரண்டு வந்துவிட்டது. பம்பருக்கடியில் வெறும் மண்.

சவுரியப்பன் சாக்கைக் கீழே போட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எனக்கும் புள்ளைங்க இருக்குங்க பாய்," என்றார். அன்வரால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அப்புறம் இருவரும் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தினார்கள். கழுவிக் கழுவி ஊற்றி, டேங்கை விளிம்புவரை ரொப்பிய பிறகுதான் சவுரியப்பன் காருக்கடியில் போனார். மாயவன் விட்ட இடத்தில் தொட்டு, கடைசிவரை ஒட்டை முடித்தார். காலையில் டேங்கைக் கழற்றி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து மாட்டிக் கொடுத்தார். கூலியை வாங்க மறுத்துவிட்டார்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. டேங்க் நிறையப் பெட்ரோலும் பானெட் நிறைய மல்லிகையுமாக லேண்ட்மாஸ்டர் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பியது. மாப்பிள்ளை முன் சீட்டில் அன்வருக்குப் பக்கத்தில். பின்னால் ஷகிலா தனியாக, சிவப்பு முக்காட்டுக்குள். அத்தாவின் வாக்கு நிறைவேறிவிட்டது என்று அன்வர் நிம்மதியாக மூச்சு விட்டான்.

ஊர் எல்லை தாண்டியதும் ஷகிலா பின்னாலிருந்து மெதுவாக அழைத்தாள்.

"அண்ணே, சீட்டுக்கடியில ஏதோ பேச்சுக்குரல் கேக்குது."

அன்வர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"என்னம்மா சொல்ற?"

"டேங்கு கழுவியாச்சான்னு யாரோ கேக்கறாங்கண்ணே. நீதான் நேத்து கழுவினன்னு சொன்னியே..."

"ஷகி, பேசாத! ஒண்ணும் சொல்லாத!"

"ஆச்சுன்னு சொல்லிட்டேனே."

டேங்கில் இப்போது விளிம்புவரை பெட்ரோல். மல்லிகை மணத்துக்கு நடுவே, மெல்ல, பூண்டு வாடை எழுந்தது.