தட்டில் லேபிள் இல்லை

லேபிள் தட்டு காலி. ஆனாலும் பெல்ட்டில் வந்த பாட்டில்களில் லேபிள் இருந்தது.

அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். எழுத்தோ படமோ இல்லாத, மாநிறச் சதுரம். சூடு ஆறாத பாட்டிலை நகத்தால் வருடினாள், விளிம்பு தட்டுப்படவில்லை. இந்த மெஷினில் அப்படித்தான். இரும்புக் கை ஒன்று தட்டிலிருந்து லேபிளை உறிஞ்சி எடுத்து, திறந்திருக்கும் அச்சின் சுவரில் வைத்துவிட்டு விலகும், அச்சு மூடும், உள்ளே தொங்கும் உருகிய பிளாஸ்டிக் குழாயில் காற்று ஊதும், லேபிளும் பாட்டிலும் ஒரே உடம்பாகிவிடும்.

இப்போது எதை எடுத்து வைக்கிறது?

மெஷினுக்குப் பின்னால் அவள் கணவன் இருந்தான். அங்கே அவன்தான் ஃபிட்டர். இரும்புக் கை உறிஞ்சுவதில் ஏதோ கசிவு. ஓடும்போதே பார்த்தால்தான் தெரியும் என்று கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார்மேல் டேப்பை ஒட்டிவிட்டு உள்ளே போயிருந்தான்.

"என்னங்க, தட்டுல லேபிள் இல்ல. ஆனா வருது."

"வந்தா சந்தோஷப்படு. தீர்ந்துச்சுன்னு என்கிட்ட வந்து நிக்கிறதுக்கு நான் என்ன அச்சாபீசா வெச்சிருக்கேன்?"

அவள் சிரித்தாள். பிளாஸ்டிக்கின் மெழுகு வாடைக்கு அடியில், மயிர் பொசுங்குவது போல இன்னொரு வாடை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பினாள். சதுரத்தின் நடுவில் ஒரு புருவம். அதைக் குறுக்கே வெட்டிய பழைய தழும்பு. அந்தத் தழும்பை அவள் விரல் எத்தனையோ முறை தடவியிருக்கிறது.

"என்னங்க. வெளிய வாங்க."

"ம்."

வீட்டிலும் அவன் பாதிப் பேச்சு 'ம்'தான். உங்க 'ம்'முக்கெல்லாம் ஒரு அகராதி போடணும் என்று கிண்டல் செய்வாள்.

மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. கை நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அச்சு மூடியது. காற்று சீறியது. அச்சு திறந்தது.

பாட்டிலில் இரண்டு உதடுகள். காலையில் சவரம் செய்தபோது பட்ட கீறல், மேலுதட்டின் ஓரத்தில், இன்னும் சிவப்பாக.

"என்னங்க."

"ஆ."

'ம்' சொல்லத்தான் முயன்றிருக்கிறான். அதே குரல். ஆனால் 'ம்' சொல்ல உதடு சேர வேண்டும்.

ஓடத் திரும்பினாள். பெல்ட் நின்றது. கை நின்றது. கூடம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

மெஷினின் பின்கதவு திறந்தது.

வேலை முடிந்தவன்போல் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவள் முன்னால் நின்றான். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. வழவழவென்று, இன்னும் ஆவி பறக்க. நெற்றியிலிருந்து முகவாய் வரை, அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் மெல்லிய கோடு.

அவள் கத்த வாயைத் திறந்தாள்.

அவனுக்குள் எங்கோ காற்று சீறியது. அந்த முகம் அவளை நோக்கி மெல்ல உப்பத் தொடங்கியது.