குண்டான பாலம்

"ஐயோ... பொணம்! பாலத்துக்கு அடியில பொணம் தொங்குது!"

வேலம்மாவின் அலறலில் லயத்து வீட்டுக் கோழிகள் கூடப் பறந்தன.

மலேசியாவில் ராசா என்ற ஊருக்கு அருகே, தோட்டத்து ஆற்றின் மேல் பழைய ரயில் பாலம். ரயில் நின்று பல வருடம். இப்போது பலகை அடித்து லோரி ஓட்டுகிறார்கள்.

கயிற்றில் தொங்கிய அந்த உருவம்... பேசியது!

"கீழ நிக்காதீங்க ஆண்ட்டி! துரு கொட்டும்!"

அது கங்கா. ரவாங் டவுனிலிருந்து வந்த இன்ஜினியர். அரித்துப்போன இரும்பில் இன்னும் எவ்வளவு பலம் மிச்சம் என்று அளந்து சொல்பவள்.

கமிட்டி ஆட்களோடு மூச்சிரைக்க ஓடி வந்தார் கோயில் தலைவர் நல்லசாமி. ஞாயிற்றுக்கிழமை திருவிழா. அம்மன் தேரை ஏற்றிய லோரி இந்தப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். கங்கா தலையாட்டாவிட்டால்... தேர் கிடையாது!

"எப்படிம்மா? ஸ்ட்ரோங்தானே?"

"ரொம்ப ஸ்ட்ரோங் அங்கிள். அதான் பயமா இருக்கு."

"என்னா?"

"பழைய ப்ளான்ல இந்தத் தகடு பன்னெண்டு மில்லிமீட்டர். இப்ப பதினஞ்சு! நூறு வருஷத்துல இரும்பு இளைக்கும். இது குண்டாயிருக்கு லா!"

கங்கா சுத்தியலால் தட்டினாள்.

'டொப்!'

பாளமாக விழுந்தது... காரில் விழுந்த டொக்கை அடைக்கும் பட்டி மாவு! மேலே சில்வர் சாயம்! உள்ளே துரு!

"ஆள கொல்ற வேல இது! யார் பூசுனது?"

கூட்டம் வானத்தைப் பார்த்தது. வேலம்மா மட்டும் நல்லசாமியின் நகத்தைப் பார்த்தாள்.

"என்னா தலைவரே... சில்வர் கலர்ல மருதாணியா?"

நல்லசாமி உடைந்தார்.

"பெரிய ஆளுங்க பாக்க வந்தா மொத நாளே சாயம் அடிக்கிறதுதானேம்மா தோட்டத்து வழக்கம்! மரத்துக்கே சுண்ணாம்பு அடிச்சவங்க நாங்க. பாலத்த சும்மா விடுவோமா?"

"கண்ணுக்குத் தெரியாத இரும்ப, இல்லாத இரும்பாத்தான் நான் கணக்கு போடணும் அங்கிள்! உங்க பட்டியாலேயே பாலத்துக்குத் தடை போட்டிருப்பேன்!"

"ஐயோ... தேரு?"

"சுரண்டுங்க."

கமிட்டி மொத்தமும் இரண்டு நாள் சுரண்டியது. சாயம் போக, துரு போக, கங்கா மறுபடி அளந்தாள். சில இடத்தில் எட்டு. சில இடத்தில் ஐந்தே மில்லிமீட்டர்! லேப்டாப்பைத் தட்டினாள்.

"தேர் போலாம்."

கைதட்டல்!

"ஆனா லோரி ஏறக்கூடாது. தேர மட்டும் சக்கரத்துல உருட்டணும். நீளக் கயிறு கட்டி, எல்லாரும் அக்கரையில நின்னு இழுங்க. பாலத்து மேல அம்மன் மட்டும்தான்."

நல்லசாமி முகம் வாடியது. இருபத்திரண்டு வருடமாக லோரி மேல் அம்மனுக்கு முன்னால் மாலையோடு நின்று கையசைத்தவராயிற்றே!

"அப்ப... கமிட்டி பதினாறு பேரும் எங்கம்மா நிக்கிறது?"

வேலம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே... இந்த வருஷமாவது ஒன் மொகம் எங்களுக்குத் தெரியப்போவுது!"